இடது நாலு, வலது ஆறு

ஜனவரி 12, ஞாயிறு

பொங்கலுக்குச் செருப்பு வாங்கப் போனேன். வழக்கம்போல ஒரே மாதிரியில் இரண்டு ஜோடி. என் இடது கால் இரண்டு வயதில் போலியோ வந்து சூம்பியது. அதற்கு நாலாம் நம்பர். வலது காலுக்கு ஆறு. ஆக, ஒரு ஜோடி போட்டுக்கொள்ள இரண்டு ஜோடிக்குக் காசு கொடுக்கிறேன். மிஞ்சும் இடது ஆறும் வலது நாலும் பீரோவுக்கு மேலே போய்ச் சேரும். பீரோ நிறைந்து ஐந்தாறு வருடம் ஆகிறது.

கடைக்காரர் இந்தத் தடவை கேட்டேவிட்டார். "ஏனுங்க, மிச்சம் ஆவறதை யாருக்காச்சும் குடுத்தாப் புண்ணியமாப் போகுமல்லங்க?"

"குடுக்கலாமுங்க. வலது கால் நாலு, இடது கால் ஆறுன்னு ஒரு ஆளைக் காட்டுங்க."

அவர் உண்மையிலேயே கொஞ்ச நேரம் யோசித்தார். "சிரமந்தானுங்க" என்றார்.

ஜனவரி 15, புதன்

மாட்டுப் பொங்கல். கம்பெனி லீவு. தென்னைநார் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவளுக்கு வருடத்தில் கிடைக்கும் நல்ல ஓய்வு இதுதான். சும்மா இருக்க முடியவில்லை. பீரோ மேலிருந்ததை எல்லாம் இறக்கி, தரையில் பரப்பி, படம் எடுத்து ஃபேஸ்புக்கில் போட்டேன். "இடது ஆறு, வலது நாலு. புதுசு. இலவசம். தேவைப்படுகிறவர்கள் எழுதவும். மகுடேஸ்வரி, பொள்ளாச்சி."

அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "ஊருக்கே தமுக்கடிக்கறயா?" என்றாள். அவளுக்கு என் காலைப் பற்றி வெளியே பேசினால் ஆகாது. முன்பெல்லாம் பெண் பார்க்க யாராவது வந்தால், அவர்கள் தெருமுனை திரும்புவதற்குள் என்னை நாற்காலியில் உட்காரவைத்து, புடவையை இழுத்து இரண்டு காலையும் மூடிவிடுவாள். நாற்பத்தொரு வயதாகிறது. இப்போது யாரும் வருவதில்லை. எனக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை.

ஜனவரி 18, சனி

போன் ஓயவில்லை. தாராபுரத்தில் ஒரு டீச்சருக்கு வலது நாலு, இடது ஐந்து. சர்க்கரையில் விரல் எடுத்த ஒரு தாத்தா, அகலமான செருப்பு கிடைக்குமா என்கிறார். வாணியம்பாடியிலிருந்து ஷமீமா என்றொரு பெண். அவளுக்கும் போலியோ கால்தான், என் அளவேதான். "உங்ககிட்ட மிச்சம் ஆவறதுதான் அக்கா எங்கிட்டயும் மிச்சம் ஆவுது" என்று சிரித்தாள். பதிலுக்கு நானும் சிரித்தேன். நாங்கள் எல்லாரும் இத்தனை நாள் எங்கே இருந்தோம்?

எல்லாருக்குமாக ஒரு வாட்ஸப் குழு ஆரம்பித்துவிட்டேன்.

ஜனவரி 25, சனி

உடுமலை ரோட்டில் கிரில் பட்டறை வைத்திருக்கும் திருமலைச்சாமி என்பவர் குழுவில் இருக்கிறார். ஒருகாலத்தில் லாரி ஓட்டியவர். விபத்தில் இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. கட்டைக்காலை வீட்டில் போட்டுவிட்டு ஊன்றுகோலில்தான் நடப்பாராம். இன்று பக்கச் சக்கரம் வைத்த ஸ்கூட்டரில் வந்து வாசலில் நின்றார். மடியில் ஒரு சாக்கு. சாக்கு நிறைய இடது கால் செருப்பு.

"பத்து வருசமா இல்லாத காலுக்கும் சேத்துக் காசு குடுத்துட்டு இருக்கறனுங்க. யாருக்காச்சும் ஆகட்டும், எடுத்துக்குங்க" என்றார்.

"ஒத்தையா விக்கறதுக்கு ஒரு கடை இருந்தா நல்லாருக்குமல்லங்க?" என்றேன். பேச்சுக்குத்தான் சொன்னேன்.

அவர் சிரிக்கவில்லை. "வெச்சிருங்க. மொத யாவாரம் எனக்கு."

நீலச் சட்டை போட்டிருந்தார். ஏன் எழுதுகிறேன் தெரியவில்லை.

பிப்ரவரி 6, வியாழன்

பேச்சுக்குச் சொன்னது மண்டைக்குள் உட்கார்ந்துகொண்டு இறங்க மாட்டேன் என்கிறது. கம்பெனியில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் கணக்குப் போட்டேன். இரண்டு காலும் வேறுவேறு அளவு உள்ளவர்களுக்கு, ஒரு கால் மட்டும் உள்ளவர்களுக்கு, வீங்கிய கால், அகலமான கால், விரல் இல்லாத கால். எந்தக் கால் வந்தாலும் அதற்குச் செருப்பு. ஒன்று வேண்டுமானால் ஒன்றின் விலை.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் சம்பூர்ணம் அம்மாவின் கட்டிடத்தில் ஒரு கடை காலியாக இருக்கிறது. படி கிடையாது. சக்கர நாற்காலி நேராக உள்ளே போகும். பார்த்தவுடனே மனசு அங்கேயே தங்கிவிட்டது. சித்திரை ஒன்று வரைக்கும் வேறு யாருக்கும் விடுவதில்லை என்று ஒத்துக்கொண்டார். அதற்கு மேல் செல்போன் கடைக்காரன் ஒருவன் காத்திருக்கிறானாம்.

எட்டு லட்சம் வேண்டும். என்னிடம் இருப்பது ஒன்றே கால்.

பிப்ரவரி 10, திங்கள்

பேங்க்குக்குப் போனேன். புது மேனேஜர் சின்னப் பையன்தான், மரியாதையானவர். முழுசாகக் கேட்டார். கேட்டு முடித்து ஒரே ஒரு கேள்வி போட்டார்.

"மேடம், கம்பெனிக்காரங்க ஜோடியாத்தான் தருவாங்க. நீங்க ஒண்ணை வித்துட்டா, மிச்சமாகற இன்னொண்ணை என்ன பண்ணுவீங்க?"

"அது... வேற ஆள் வருவாங்க சார்" என்றேன்.

"வரலைன்னா?"

பஸ்ஸில் வரும்போது அவரை மனசுக்குள் நன்றாகத் திட்டினேன். நம்மூர் பேங்க்கில் கோழிப்பண்ணைக்குக் கொடுப்பார்கள், கறவை மாட்டுக்குக் கொடுப்பார்கள். செருப்பென்றால் மட்டும் கேள்வி. வீட்டுக்கு வந்து சாப்பிட்ட பிறகு கோபம் ஆறிவிட்டது. கேள்வி சரியான கேள்விதான்.

பிப்ரவரி 11, செவ்வாய்

தைப்பூசம். பழனிக்கு நடக்கிறவர்கள் வீட்டு வாசலைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தார்கள். முகத்தைப் பார்க்கவில்லை, காலையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

பிப்ரவரி 16, ஞாயிறு

வீட்டில் விஷயத்தைச் சொன்னேன். தம்பி மோகன் தோசையை அப்படியே தட்டில் வைத்துவிட்டான்.

"ஏக்கா, மாசம் பொறந்தா சம்பளம் வருது. எதுக்கு இந்த வேண்டாத வேலை?"

"எனக்குப் புடிச்சிருக்குதுடா."

"புடிச்சா ஆச்சா? ஆறு மாசத்துல மூடிட்டு வந்தீன்னா?"

அவன் பெண்டாட்டி பூர்ணிமா மட்டும், "அண்ணி கணக்குல தப்புப் பண்ண மாட்டாங்க" என்றாள். அதற்காகவே அவளுக்கு ஒரு ஜோடி இனாம்.

பிறகு, கேட்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டிருந்ததைக் கேட்டுவிட்டேன். பேங்க் லாக்கரில் பதினைந்து பவுன் இருக்கிறது. அப்பா இருக்கும்போதே எனக்கென்று சேர்த்தது.

அம்மா தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள். "அது உன்ற கல்யாணத்துக்கு."

"இனிமேலா?"

"ஏன், இனிமே என்ன? இருக்கறது இருக்கட்டும்."

நான் அதோடு விட்டுவிட்டேன். நினைத்துப் பார்த்தால் நல்லவேளை என்றுதான் இருக்கிறது. அம்மா உடனே தூக்கிக் கொடுத்திருந்தால் எனக்கு என்னவோ போல் ஆகியிருக்கும்.

பிப்ரவரி 19, புதன்

திருமலைச்சாமி பட்டறைக்குப் போனேன். ரேக் விஷயமாக.

பிப்ரவரி 23, ஞாயிறு

பட்டறை. ரேக்கின் உயரம் பற்றி ஒரு சந்தேகம் இருந்தது. டீ வாங்கிக் கொடுத்தார். சர்க்கரை இல்லாமல் குடிப்பவராம்.

கடையே இல்லாதபோது ரேக் எதற்கு என்று பூர்ணிமா கேட்கிறாள். முன்னேற்பாடு என்று ஒன்று உண்டு, அவளுக்குப் புரியாது.

மார்ச் 1, சனி

கோயமுத்தூர். புதுத் தொழில் தொடங்குகிறவர்களும் பணம் போடுகிறவர்களும் சந்திக்கும் கூட்டம், பெரிய ஓட்டலில். குழுவில் யாரோ சொல்லிப் பெயர் கொடுத்திருந்தேன். எனக்கு முன்னால் பேசிய பையன் நாய்களுக்கு ஜாதகம் பார்க்கும் ஆப் செய்திருக்கிறான். கைதட்டல் பலமாக இருந்தது.

எனக்கு ஐந்து நிமிடம். "உங்கள்ல யாராச்சும் ஒரு சட்டை வாங்கப் போய் ரெண்டு சட்டைக்குக் காசு குடுத்திருக்கீங்களா?" என்று ஆரம்பித்தேன். அப்புறம் வார்த்தை தானாக வந்தது. முடித்ததும் இரண்டு மூன்று பேர் கார்டு கொடுத்தார்கள். அவர்களில் வருண் என்பவன் கொஞ்சம் அழுத்தமாகப் பேசினான். இருபத்தெட்டு வயது இருக்கும். பத்து லட்சம் போடத் தயார், அடுத்த வாரம் நேரில் வருகிறேன் என்றான்.

பத்து! நான் கேட்டதே எட்டு.

திரும்பும் வழியில் சன்னல் சீட். காற்று. ஆச்சிப்பட்டி வரைக்கும் எனக்குள்ளே பாடிக்கொண்டே வந்தேன்.

மார்ச் 8, சனி

வருண் வந்தான். அம்மா கொடுத்த முறுக்கைச் சத்தமில்லாமல் சாப்பிடத் தெரிந்த நல்ல பையன். லேப்டாப்பைத் திறந்து திட்டத்தைக் காட்டினான். கடைக்கு முன்னால் ஒரு வீடியோ. அதில் நான் வெறுங்காலோடு மண்ரோட்டில் நடந்து வரவேண்டும், மெதுவாக. கேமரா என் இடது காலை மட்டும் காட்டும். பின்னால் வயலின்.

"உங்க கால்தான் மேடம் நம்ம பிராண்ட். பாக்கறவங்க கண்ணுல தண்ணி வந்துரணும். வந்துட்டா கஸ்டமர் தானா வருவாங்க."

"செருப்பு வாங்க வர்றவங்க அழுதுட்டே வந்தா அளவு எப்படித் தம்பி எடுக்கறது?"

சிரித்தான். ஆனால் அந்த வீடியோ இல்லாமல் பணம் இல்லை என்பதையும் சிரித்துக்கொண்டே சொன்னான். இரண்டு நாள் டைம் கேட்டிருக்கிறேன்.

அம்மா சமையலறைக் கதவருகே நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மார்ச் 9, ஞாயிறு

உடனே முடியாது என்று சொல்லிவிட்டேன் என எழுதத்தான் ஆசை. சொல்லவில்லை. பத்து லட்சம். காலை முழுவதும் யோசித்தேன். யாரும் இல்லாத நேரம் பீரோ கண்ணாடி முன்னால் மெதுவாக நடந்துகூடப் பார்த்தேன். மெதுவாக நடந்தால் இன்னும் அதிகமாக நொண்டுகிறது. அதைத்தான் கேட்டிருக்கிறான் போல.

மதியம் பட்டறைக்குப் போனேன். இன்று ரேக் என்று பொய் சொல்ல முடியாது, விஷயத்தைச் சொன்னேன். திருமலைச்சாமி வெல்டிங் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"எனக்கு ஆக்சிடெண்ட் ஆனப்ப உதவி பண்றோம்னு சொல்லிக் காலைப் படம் எடுத்துப் போஸ்டர் அடிச்சாங்க. நல்ல மனுசங்கதான். காசும் வந்துச்சு, ஆசுபத்திரிக்கு ஆச்சு. ஆனா அப்பறம் எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும், 'போஸ்டர்ல இருந்தது நீங்கதானே'ன்னு கேப்பாங்க. நாலு வருசம் கேட்டாங்க."

"அப்ப வேண்டாங்கறீங்களா?"

"ஐயோ, நான் அப்படிச் சொல்லலீங்க. காசு நல்ல காசு. நடக்கப் போறது உங்க காலு. நீங்கதான் சொல்லோணும்."

மார்ச் 10, திங்கள்

வருணுக்குப் போன் செய்து வேண்டாம் என்றேன். அவனுக்கு நிஜமாகவே வருத்தம். "மனசு மாறினாக் கூப்பிடுங்க மேடம்."

போனை வைத்ததும் பயங்கரப் பசி. கம்பெனிக்கு எதிரே போய் இரண்டு பரோட்டா சாப்பிட்டேன்.

மார்ச் 14, வெள்ளி

குழுவில் எழுதினேன்: பணம் அமையவில்லை, கடை கொஞ்சம் தள்ளிப் போகும் போலிருக்கிறது, பேங்க்கில் கேட்ட கேள்விக்கும் பதில் இல்லை, ஜோடியில் ஒன்று விற்றால் மற்றது வீண்தான்.

பத்தே நிமிடத்தில் வாணியம்பாடி ஷமீமா கூப்பிட்டாள். அவள் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் இருக்கிறாள் என்பதே எனக்கு இன்றைக்குத்தான் தெரியும்.

"அக்கா, நீ எதுக்கு ஜோடியா வாங்குற? இங்க ஒத்தைங்க மலையாட்டம் குவிஞ்சு கெடக்குது!"

ஏற்றுமதிச் சரக்கைச் சோதிக்கும்போது ஜோடியில் ஒன்றில் தையல் கோணலாகவோ நிறம் மாறியோ இருந்தால், அதை மட்டும் தள்ளிவிடுவார்களாம். மிச்சமான ஒன்று நூற்றுக்கு நூறு நல்லது. ஆனால் தனியாக யாருக்கு விற்பது? கிழித்துக் கழிவுக்குப் போட்டுவிடுகிறார்களாம்.

நான் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டேன். கணக்குப் பிரிவே என்னைத் திரும்பிப் பார்த்தது.

மார்ச் 20, வியாழன்

லீவு போட்டு ஆம்பூர் போய் வந்தோம். நான், பூர்ணிமா, திருமலைச்சாமி. சரக்கைப் பார்க்க ஓர் ஆண் துணை வேண்டும் என்று நான்தான் கூப்பிட்டேன். ஆண் துணை ஜோலார்பேட்டை வரைக்கும் தூங்கிக்கொண்டு வந்தது.

ஷமீமா கேட்டில் நின்றாள். நேரில் பார்த்ததும் இரண்டு பேரும் முதலில் பார்த்தது முகத்தை அல்ல, காலை. பிறகுதான் கட்டிப் பிடித்துக்கொண்டோம்.

கம்பெனியின் பின்கட்டில் ஓர் அறை. கதவைத் திறந்தால் தோல் வாசனை மூக்கில் ஏறியது. கூரை வரைக்கும் ஒற்றைகள். கறுப்பு, பழுப்பு, பெண்களுக்கான பெல்ட் வைத்தது, மெத்தென்ற அடி வைத்தது. திருமலைச்சாமி ஒரு பழுப்பு ஷூவை எடுத்தார், வலது ஒன்பது. சுவரில் சாய்ந்து காலில் போட்டு ஒரு சுற்று நடந்தார். "வெண்ணெயாட்ட இருக்குதுங்க" என்றார்.

ஸ்டோர் அதிகாரிக்கு நம்பிக்கை வரவில்லை. "கழிவை வாங்கி என்னம்மா பண்ணப் போறீங்க?" என்று மூன்று விதமாகக் கேட்டார். புடவையை லேசாகத் தூக்கி என் இரண்டு காலையும் காட்டினேன். யாரும் கேட்காமல் நானாகக் காட்டியது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. வயலின் எதுவும் கேட்கவில்லை. அவர் பார்த்தார், புரிந்துகொண்டார், "எடைக்குப் போட்டுத் தர்றேன், மாசாமாசம் வந்து எடுத்துக்கோங்க" என்றார்.

ரயிலில் திரும்பும்போது பூர்ணிமா எனக்கு எதிர் சீட்டுக்கு மாறி உட்கார்ந்துகொண்டாள். அவள் இருந்த இடத்தில் திருமலைச்சாமி உட்காரவேண்டியதாயிற்று. அவளுக்குச் சன்னல் காற்று வேண்டுமாம். அந்தப் பக்கம் சன்னல் திறக்கவே இல்லை.

மார்ச் 27, வியாழன்

பேங்க். மாதாமாதம் ஒற்றைகளை எடைக்குத் தருவதாக ஆம்பூர் கம்பெனி எழுதிக் கொடுத்த கடிதத்தை மேனேஜரிடம் கொடுத்தேன். "சார், நீங்க கேட்டதுக்குப் பதில்." படித்தார். திரும்பவும் படித்தார். "இப்ப உங்க சரக்குல மிச்சம்னே ஒண்ணு இல்ல" என்று அவரே சொல்லிக்கொண்டார்.

எட்டு லட்சம் என்று நான் போட்டிருந்த கணக்கு பாதிக்கும் கீழே வந்துவிட்டது. கடன் கிடைக்கும். ஆனால் என் பங்காக இன்னும் ஒரு லட்சம் நான் காட்டவேண்டும். சித்திரை ஒன்றுக்கு மூன்று வாரம்கூட இல்லை.

மோகனிடம் கேட்கப் போனேன். அவனே சங்கடமாக, "கார் தவணை போகக் கையில ஒண்ணும் நிக்கறதில்லக்கா" என்றான். கேட்டிருக்கவே கூடாது. ராத்திரிச் சாப்பாட்டில் யாரும் யாரையும் பார்க்கவில்லை.

ஏப்ரல் 3, வியாழன்

சம்பூர்ணம் அம்மா போன். செல்போன் கடைக்காரன் அட்வான்ஸை இரண்டு மடங்காகத் தருகிறானாம். "நான் சொன்ன வாக்கு சித்திரை ஒண்ணு வரைக்கும்தான் கண்ணு."

ஏப்ரல் 7, திங்கள்

இதை நிதானமாக எழுதவேண்டும்.

சாயந்திரம் வேலையிலிருந்து வந்தபோது அம்மா வீட்டில் இல்லை. தனியாக எங்கும் போகாதவள். கொஞ்ச நேரத்தில் ஆட்டோவில் வந்து இறங்கினாள், கையில் மஞ்சப்பை. நேராகச் சமையலறைக்குப் போய் மிக்ஸிக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"எடுத்துட்டுப் போ. விக்காத. அடகு வெய்யி. மூட்டுக்கலாம்."

உள்ளே லாக்கர் நகை. எனக்குச் சந்தோஷம் வரவில்லை. கேட்டேவிட்டேன்: "அப்ப, எனக்கு இனிக் கல்யாணம் ஆகாதுன்னு முடிவு பண்ணிட்டியா?"

அம்மா அரிசி களைய ஆரம்பித்தாள். என் முகத்தைப் பார்க்காமலே பேசினாள். "அந்தக் கோயமுத்தூருப் பையன் உன்ற காலை ஊருக்கெல்லாம் காட்டறேன்னானே, அன்னைக்கு எனக்கு வயிறு பத்திட்டு வந்துச்சு. அப்பறம் யோசிச்சேன். அவன் காட்டறேன்னான். நான் இத்தன வருசம் மூடி மூடி வெச்சேன். ரெண்டு பேருமே உன்னைக் கேக்கலையே புள்ள."

குழாய்த் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. குழாயை நான்தான் மூடினேன்.

"கல்யாணம் வர்றப்ப வரட்டும். பவுனு இருந்தாத்தான் வருவேங்கறவன் வரவே வேண்டாம். கடைக்காரி வேணுங்கறவன் வருவான்" என்றவள், அரிசியை வடித்துக்கொண்டே சாதாரணமாகக் கேட்டாள். "அந்த உடுமலை ரோட்டுத் தம்பி மீன் சாப்புடுமா?"

"எனக்கெப்படித் தெரியும்?" என்றேன்.

சாப்பிடுவார். ஆனால் வஞ்சிரம் மட்டும்தான்.

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரை ஒன்று. காலையில் அட்வான்ஸ் கொடுத்துச் சாவி வாங்கினேன். சம்பூர்ணம் அம்மா வெற்றிலை பாக்கோடு கொடுத்தார்.

கடைக்குப் பெயர் "மகுடம் காலணி" என்றேன். அம்மா, "மகுடத்தைக் கொண்டுபோய்க் காலுல போடற மொத ஆளு நீதான்" என்றாள். மோகன் சிரித்த சிரிப்பில் பாயசம் புரையேறிவிட்டது. போர்டுக்கு ஆகும் செலவு தன்னுடையது என்று அவனே சொன்னான். தவணை ஒரு மாதம் தள்ளினால் கார் ஒன்றும் ஓடிப்போய்விடாதாம்.

மே 9, வெள்ளி

கடன் வந்தது. கம்பெனியில் ராஜினாமா கொடுத்தேன். முதலாளி கையெழுத்துப் போட்டுவிட்டு, "எங்கம்மாவுக்குக் கால் வீங்கிக் கெடக்குது, ஏதாச்சும் இருக்குமாம்மா?" என்றார்.

ஜூன் 5, வியாழன்

திறந்தாயிற்று!

சொன்னபடி முதல் வியாபாரம் திருமலைச்சாமிக்கு. வலது ஒன்பது, பழுப்பு, ஒன்றின் விலைக்கு. பேரம் பேசாமல் காசைக் கொடுத்துவிட்டு, பில் வேண்டும் என்று நின்றார். "பத்து வருசத்துல மொதத் தடவையா ஒரு காலுக்கு மட்டும் பில்லுங்க. பிரேம் போட்டுப் பட்டறையில மாட்டோணும்."

தாராபுரம் டீச்சர் வந்தார். வால்பாறையிலிருந்து ஒரு கல்யாணப் பெண். முகூர்த்தத்துக்கு இரண்டு காலுக்கும் ஒரே மாதிரி தங்க நிறச் செருப்பு, அளவு மட்டும் வேறு. கண்ணாடி முன் முன்னும் பின்னும் நடந்து நடந்து பார்த்தாள். அவள் அம்மா, "போதும்டி, தேஞ்சு போயிரும்" என்றாள். நாலு ரேக்கில் ஒன்று ஆடுகிறது. அத்தனை தடவை அளவு எடுத்தும்.

ஜூன் 29, ஞாயிறு

திருமலைச்சாமி அவருடைய அக்காவோடு வீட்டுக்கு வந்தார். கடை விஷயம் என்றுதான் நினைத்தேன். பூவும் பழமும் இருந்த தட்டைப் பார்த்த பிறகும் ஓரிரு நிமிடம் அப்படியே நினைத்துக்கொண்டிருந்தேன். அக்கா பேசினார். மோகன் மாறி மாறி எல்லாருக்கும் தண்ணீர் கொடுத்தான். வறுத்த வஞ்சிரம் வாசனை வீடெல்லாம். ஆக, என்னைத் தவிர மற்ற எல்லாருக்கும் முன்னாலேயே தெரியும்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். "மொத ஒரு வருசம் கடையை நிக்க வெச்சிர்றேன். அதுக்கப்பறம் சொல்றேன்" என்றேன். அம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

அவருக்கு முகம் வாடவில்லை. "ஒரு வருசம் என்னுங்க, இருக்கட்டும். அதுவரைக்கும் நான் கடைக்கு வரலாமல்லங்க?"

"ஒம்பதரைக்குத் தொறப்பேன்" என்றேன்.

ஜூன் 30, திங்கள்

ஒன்பது மணிக்கே போய்விட்டேன். அவர் எனக்கும் முன்னால் வந்து நின்றிருந்தார், ஆடும் ரேக்கைச் சரிசெய்யச் சாமான்களோடு. ஆளுக்கொரு பக்கம் பிடித்து ஷட்டரைத் தூக்கினோம். பதினொரு மணி வரைக்கும் ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். கூட்டம் குறைந்த பிறகு பேசினோம். ஒரு வருடம் என்றது கொஞ்சம் அதிகம்தான் என்று எனக்கே தோன்றியது. அவரிடம் சொல்லியும்விட்டேன்.